நித்திரையின் விலை

2025 நவம்பர் 4ஆம் திகதி மாலை, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் நகரில், யூ.பி.எஸ். கொம்பனியின் சரக்கு விமானமொன்று நிலத்தை விட்டு எழும் வேளையில் அதன் இடப்புற என்ஜின் இறக்கையிலிருந்து கழன்று வீழ்ந்தது. விமானம் நிலையத்துக்கு அப்பாலிருந்த தொழிற்கூடங்களின்மீது மோதி எரிந்தது. அதைச் செலுத்திச் சென்ற மூவரும் தரையில் நின்றோர் பலரும் மாண்டனர்.

அவ்வேளை நான் அந்நாட்டின் இன்னொரு மாநிலத்தில், என் தங்கையின் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அவனும் ஒரு சரக்கு விமானி. வேறொரு கொம்பனி, வேறொரு வகை விமானம். அன்று அவன் தென் கொரியாவின் இஞ்சொன் நகரத்து ஹோட்டல் அறையொன்றில் இருந்தான். எனினும் செய்தி வெளிவந்து கால் மணி நேரத்துக்குள் நியூ ஜெர்சியிலிருந்து தங்கையின் தொலைபேசி வந்துவிட்டது.

"அண்ணை, அவன் எங்கை?"

சொன்னேன். மறுபுறத்தில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "ஆக்கள் போற பிளேன்காரர் வேலை தாறம் எண்டு எழுதியிருக்கினம். இவன் யோசிச்சுக்கொண்டு இருக்கிறான். நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பான்" என்றாள்.

இவ்வாறுதான் விமானத்தைப் பற்றிக் கட்டுநாயக்காவில் ஏறி இறங்கிய அளவுக்கு மேல் எதுவும் அறியாத ஓர் இளைப்பாறிய கணித ஆசிரியன், நாற்பத்தொரு வயதுக் கப்டன் ஒருவனுக்குத் தொழில் ஆலோசனை கூற வேண்டியவனானேன். பெரிய பிரயாணிகள் விமானக் கொம்பனியொன்று அவனை அழைத்திருந்தது. மூன்று வாரத்துள் பதில் எழுதவேண்டும்.

தங்கையின் அச்சம் இயல்பானதே. ஆனால் அது எழுந்த இடம் தவறு. கழலும் என்ஜின் பிரயாணியென்றும் பொதியென்றும் பார்ப்பதில்லை. 1979 மே மாதத்தில் சிக்காகோவில் இதே விதமாக இடப்புற என்ஜின் கழன்று வீழ்ந்த டீ.சி.10 விமானம் பிரயாணிகள் விமானந்தான். அதில் 273 உயிர்கள் போயின. மருமகனின் தொழிலிலுள்ள ஆபத்து வேறு வகையானது. அதை நான் அந்த வீட்டின் உள்ளேயே, தங்கை அழைப்பதற்கு இரண்டு மாதம் முன்னரே காணத் தொடங்கியிருந்தேன்.

அவன் மாதத்தில் பதினேழு நாள் வெளியே இருப்பான். எஞ்சிய நாள் வீட்டில். வீடு திரும்பிய முதல் நான்கைந்து நாளும் அவன் உடம்பு எந்த நாட்டு நேரத்தில் இருக்கிறதென்று அவனுக்கே தெரியாது. படுக்கையறை யன்னல்களில், சமையலறையில் உணவு சுற்றும் அலுமினியத் தாளை உட்புறமாக ஒட்டியிருந்தான், பகல் வெளிச்சம் ஒரு கீறலும் உள்ளே வராதபடி. பிற்பகல் மூன்று மணி வரை வீட்டில் மிக்சி இயங்காது. எட்டு வயது மகள் வயலின் பழகுவது கார்க் கொட்டகையில். நான் போய் இறங்கிய மறுநாளே அந்தப் பிள்ளை விரலை வாயில் வைத்து, "தாத்தா, அப்பா நித்திரை" என்று எனக்கு வீட்டின் சட்டத்தைச் சொல்லித் தந்துவிட்டாள். ஒரு வாரத்தில் நானும் இருமலை அடக்கப் பழகிக்கொண்டேன். என் இளமையில் எங்கள் அயலில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இரவு முறை வேலை செய்த ஒருவர் இருந்தார். அவர் வீட்டு வாசலில் பகலில் நாங்கள் கிளித்தட்டு விளையாடினால் அவருடைய மனைவி விளக்குமாற்றோடு வருவார். அந்த அம்மாளின் கோபம் அறுபது ஆண்டு கழித்து எனக்கு விளங்கிற்று.

மருமகன் வேலை செய்த கொம்பனியின் பெயர் இங்கு வேண்டாம். அது இயங்கும் முறையைச் சொல்லவேண்டும். அதை அறிந்தபோது நான் உண்மையிலேயே திகைத்தேன். பெடரல் எக்ஸ்பிரஸ் போன்ற கொம்பனிகள் தம் பெயரில் பொதிகளைப் பொறுப்பேற்று, தம் விமானங்களிலேயே கொண்டுசெல்பவை. 1973 ஏப்ரில் 17ஆம் திகதி இரவு மெம்பிஸ் நகரிலிருந்து 14 சிறு விமானங்களில் 186 பொதிகளோடு அது தொடங்கிற்று. இரவில் எல்லாப் பொதிகளையும் ஓரிடத்தில் குவித்துப் பிரித்து, விடியுமுன் எல்லாத் திசைகளுக்கும் அனுப்பும் முறை அத்தோடு பெருந்தொழிலாயிற்று. மருமகனின் கொம்பனிக்கோ சொந்தமாகப் பொதியே கிடையாது. விமானம், விமானிகள், பராமரிப்பு, காப்புறுதி ஆகிய நான்கையும் ஒன்றாகக் கட்டி, பறக்கும் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று பிற கொம்பனிகளுக்கு வாடகைக்கு விடுவதே அதன் வியாபாரம். நம்மூரில் லொறியைச் சாரதியோடு வாடகைக்கு விடுவதுண்டல்லவா? அதேதான், லொறி நூறு தொன்னுக்கு மேல் சுமக்கும் போயிங் 747. வாடகை ஒப்பந்தத்தில் இயந்திரத்துக்கு அடுத்த சொல்லாக மனிதன் எழுதப்பட்டிருக்கிறான். மருமகன் இதைக் கசப்போடு சொல்லவில்லை. "குதிரை ஏத்தினால் குதிரையைப் பாக்க ஆள் வரும், மாமா. எங்களைப் பாக்க ஒருத்தரும் வாறதில்லை" என்று சிரித்தான்.

பந்தயக் குதிரை, பூ, மீன், கைத்தொலைபேசி, மோட்டார் உதிரிப் பாகம் எல்லாம் அவன் ஏற்றியிருக்கிறான். அண்மைக் காலத்தில் பெரும்பகுதி வீட்டுக்கு வீடு போகும் சிறு பொதிகள். நான் அங்கிருந்தபோது முழங்கால் நோவுக்குக் கட்டும் பட்டியொன்றை மருமகள் இரவு ஒன்பது மணிக்குக் கைத்தொலைபேசியில் கேட்டாள். மறுநாள் மதியம் அது வாசற்படியில் இருந்தது. நான் மகிழ்ச்சியோடு எடுத்துக் கட்டிக்கொண்டேன். அதை யார் எந்த இரவில் சுமந்து வந்தார் என்று அவ்வேளை நினைத்தேன் என்று சொன்னால் பொய்யாகும்.

இனி, மாறுவதா வேண்டாமா என்ற கணக்கு. வெளியில் நின்று பார்ப்பவனுக்கு இதில் கணக்கே இல்லை என்று தோன்றும். ஒரே தொழில், ஒரே அனுமதிப்பத்திரம், ஒரே ஆகாயம். ஆனால் அமெரிக்க விமானிகளின் வாழ்வை ஆள்வது சேவை மூப்பு எண். வேலைக்குச் சேர்ந்த நாளில் ஒவ்வொருவனுக்கும் ஓர் எண் விழும். எந்த விமானத்தைச் செலுத்துவது, எந்த நகரைத் தளமாகக் கொள்வது, எந்த நாளில் விடுமுறை, எப்போது கப்டன் ஆவது, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவது, அத்தனையும் அந்த எண்ணின் வரிசைப்படிதான். தலைமைக்குக் கூழைக்கும்பிடு போட்டு எவனும் எவனையும் முந்த முடியாது; இது தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற நன்மை. ஆனால் அந்த எண் கொம்பனியின் மதிலுக்குள்ளே மட்டும் செல்லும் நாணயம். மதிலுக்கு வெளியே கால் வைத்தால் பதினொரு ஆண்டும் பூச்சியம். நேற்றுவரை 747 இன் இடப்புற ஆசனத்திலிருந்த கப்டன், நாளைக்குச் சிறியதொரு விமானத்தின் வலப்புற ஆசனத்தில், தன்னிலும் இளையவனுக்குத் துணை விமானியாக, முதலாண்டுச் சம்பளத்தோடு இருக்கவேண்டும். அறுபத்தைந்து வயதில் சட்டம் கட்டாய ஓய்வு கொடுத்துவிடும். அவனுக்கு மிஞ்சியிருப்பவை இருபத்துநான்கு ஆண்டுகள்.

சேவை மூப்பு பூச்சியமாவது எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். 1980 ஜூலையில், முந்நூறு ரூபா சம்பள உயர்வு முதலிய கோரிக்கைகளை முன்வைத்து நடந்த பொது வேலைநிறுத்தத்தில் நானும் ஒருவன். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞனாக ஆறு வருட சேவை முடித்திருந்தேன். வேலைக்குத் திரும்பாதோர் பதவியை விட்டு விலகியோராகக் கருதப்படுவர் என்றது அரசாங்கம். ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தோம். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ரியூஷன் கொட்டில்களில் கணிதம் படிப்பித்து, 1989 இல் ஆசிரியனாகப் புதிதாகச் சேர்ந்தேன். என்னோடு படித்தவர்கள் அதிபர்களாகி இருந்தார்கள். மருமகன் இந்தக் கதையைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். எனக்கு ஒரு வீர மாமாவின் இடத்தைத் தந்து வைத்திருந்தான். அந்த இடம் இப்போது எனக்கு இடைஞ்சலாயிற்று.

பிரயாணிகள் விமானப் பக்கம் சொர்க்கம் என்று எண்ணிவிடக் கூடாது. 2001 செப்டெம்பர் தாக்குதல்களின் பின் அக்கொம்பனிகள் ஆயிரக்கணக்கான விமானிகளை வீட்டுக்கு அனுப்பின. 2005 இல் யுனைட்டெட் கொம்பனி நீதிமன்ற அனுமதியோடு தன் தொழிலாளரின் ஓய்வூதியத் திட்டங்களைக் கைகழுவியது. முப்பது ஆண்டு உழைத்த கப்டன்கள் எதிர்பார்த்த பணத்தின் பெரும் பகுதியை இழந்தனர். 2020 இல் கொள்ளைநோய் பரவியபோது பிரயாணிகள் விமானங்கள் பாலைவனங்களில் வரிசையாக நிறுத்தப்பட்டன. சரக்கு விமானங்களோ முகக்கவசமும் மருந்தும் வீட்டுப் பொதிகளும் சுமந்து ஓயாமல் பறந்தன. "பெட்டிக்குக் காய்ச்சல் வராது" என்பது அக்காலத்தில் சரக்கு விமானிகளின் பேச்சு என்றான் மருமகன். அந்தக் காற்று பின்னர் திரும்பியது. 2023 மார்ச்சில் டெல்ற்றா விமானிகள் நான்கு ஆண்டில் 34 சதவீத உயர்வு தரும் ஒப்பந்தத்தை வென்றனர். அதே ஆண்டு ஜூலையில் பெடரல் எக்ஸ்பிரஸ் விமானிகள், தமக்குக் கொண்டுவரப்பட்ட உடன்படிக்கை போதாதென்று வாக்களித்து நிராகரித்தனர். மருமகனின் கொம்பனியிலும் பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 1926 இல் ரயில் தொழிலாளருக்கென இயற்றி 1936 இல் விமானத் தொழிலாளர்மீதும் விரிக்கப்பட்ட சட்டமொன்று, அரச மத்தியஸ்தர் விடுவிக்கும்வரை அவர்களை வேலைநிறுத்தத்துக்குப் போக விடாது. இழுத்தடிப்பதால் நட்டம் யாருக்கு என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஆகவே பணத்தைக் கொண்டு பார்த்தால் ஒரு தலைமுறைக்குச் சரக்குப் பக்கம் மேல். அடுத்த தலைமுறைக்குப் பிரயாணிப் பக்கம் மேல். இதில் சோதிடம் பார்ப்பது வீண் என்று நினைத்தேன். மருமகளும் என்னிடம் அதையே வேறு விதமாகச் சொன்னாள். அவள் ஒரு வைத்தியசாலையில் கதிர்ப்படப் பிரிவில் வேலை செய்பவள். "மாமா, சம்பளம் குறையிறது எனக்குப் பிரச்சினை இல்லை. நானும் உழைக்கிறன். அவர் எதைச் சொல்லாமல் இருக்கிறார் எண்டு மட்டும் கேளுங்கோ."

கேட்பதற்கு முன் நான் சட்டத்தைப் படித்தேன். ஆசிரியத் தொழிலின் பழக்கம்.

2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு, பஃபலோ நகருக்கருகே கோல்கன் எயார் கொம்பனியின் சிறு பிரயாணிகள் விமானம் ஒரு வீட்டின்மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் அவ்வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தனர். கப்டனின் தவறான இயக்கமே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. ஆனால் விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. துணை விமானி முதல் நாள் இரவு முழுவதும் சியாற்றிலிலிருந்து மெம்பிஸ் வழியாகப் பிரயாணஞ் செய்து வேலைக்கு வந்தவர். படுக்கையில் படுக்கவில்லை. வந்ததோ சரக்கு விமானங்களில், விமானிகளுக்கு விடும் இலவச ஆசனத்தில். இறந்தவர்களின் குடும்பங்கள் வோஷிங்ரனுக்குப் போய்ப் படிப்படியாக ஏறி இறங்கின. அவர்களுடைய விடாப்பிடியால் 2010 இல் சட்டம் வந்தது. 2011 டிசெம்பரில் விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதி வெளியாயிற்று. 2014 ஜனவரி 4ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

அந்த விதி நல்ல விதி. மனிதன் இரவில் தூங்கும் பிராணி என்பதை அது ஒப்புக்கொண்டது. மேலதிக விமானிகள் இல்லாத பயணத்தில் கடமை நேரம், அது தொடங்கும் வேளையையும் எத்தனை தடவை ஏறி இறங்கவேண்டும் என்பதையும் பொறுத்து, 9 முதல் 14 மணி நேரம்வரைதான். கடமைக்கு முன் 10 மணி நேர ஓய்வு. அதில் 8 மணி நேரம் இடையூறின்றித் தூங்க வாய்ப்பு. வாரத்தில் தொடர்ச்சியாக 30 மணி நேரம் விடுதலை.

ஆனால் இவை பிரயாணிகள் விமானத்தைச் செலுத்துபவர்களுக்கே. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில், உடம்பு மிகத் தாழ்ந்து கிடக்கும் வேளையில், வேறெவரையும்விட அதிகமாகப் பறக்கும் சரக்கு விமானிகள் விலக்கப்பட்டனர். இரு விமானிகளை 24 மணி நேரத்துள் 16 மணி நேரம்வரை கடமையில் வைத்திருக்க இடமளிக்கும் பழைய விதி அவர்களுக்கு அப்படியே விடப்பட்டது. காரணம் மறைக்கப்படவுமில்லை. அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம் ஓர் உயிருக்கு இத்தனை மில்லியன் டொலர் என்று ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. களைப்பால் வீழக்கூடிய பிரயாணிகள் விமானத்தில் தப்பும் உயிர்களை அதனாற் பெருக்கினால் விதியின் செலவு நியாயமாகிறது. சரக்கு விமானத்திலோ இருப்பவர் இருவர், மூவர். பெருக்கினால் செலவுக்கு எட்டவில்லை. கொம்பனிகள் விரும்பினால் தாமாகப் புதிய விதியின்கீழ் வரலாம் என்று ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டது. கணித ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், பெருக்கலில் பிழை இல்லை. ஒருவனின் நித்திரைக்கு அவன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை வைத்து விலை போடத் துணிந்ததே பிழை.

விதி வெளியாகி நடைமுறைக்கு வருவதற்கிடையில், 2013 ஒகஸ்ட் 14ஆம் திகதி விடியுமுன், யூ.பி.எஸ். கொம்பனியின் சரக்கு விமானமொன்று அலபாமாவின் பேர்மிங்ஹாம் ஓடுபாதையை எட்டுமுன் நிலத்தில் மோதியது. இரு விமானிகளும் இறந்தனர். விமானிகள் உயரத்தைக் கவனியாமல் இறங்கியதே காரணம் என்றும், களைப்பும் அதற்குத் துணைபோனது என்றும் விசாரணை கூறிற்று. துணை விமானி தன் ஓய்வு வேளையைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்ற குற்றமும் எழுதப்பட்டது. குரற்பதிவுக் கருவியைக் கேட்டபோது, அந்த இருவரும் இறப்பதற்கு முன் பேசிக்கொண்ட விடயங்களில் ஒன்று, பிரயாணி விமானிகளுக்குக் கிடைக்கும் ஓய்வு தமக்கு ஏன் இல்லை என்பது. அக்கொம்பனி விமானிகளின் சங்கம் விதிவிலக்கை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2016 இல் அரச தரப்பே வென்றது. விலக்கை நீக்கும் மசோதா 2012 முதல் காங்கிரசில் பல முறை முன்வைக்கப்பட்டும் சட்டமாகவில்லை.

இஞ்சொனிலிருந்து வந்த இரண்டாம் நாள், விடியற்காலை மூன்று மணிக்கு மருமகன் சமையலறையில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தான். முதுமையால் எனக்கும் அவ்வேளையில் நித்திரை இல்லை. தேநீர் போட்டேன். மருமகளின் கேள்வியை அப்படியே கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை.

ஒரு வருடத்துக்கு முன், அங்கரேஜிலிருந்து தெற்கே ஓர் இரவுப் பறப்பு. ஆறு மணி நேரம். இரண்டே விமானிகள். அதற்கு முன் மூன்று நாளில் அவன் நான்கு நேர வலயங்களில் படுத்தெழும்பியிருந்தான். ஹோட்டலில் பகல் முழுவதும் பக்கத்தறையில் சுவர் துளைத்தார்கள். கனடாவின் மேல், கீழே ஒரு வெளிச்சமும் இல்லாத இடத்தில், அவனுக்குக் கண் அயர்ந்தது. எவ்வளவு நேரமென்று தெரியாது. வானொலியில் யாரோ தங்கள் விமானத்தின் எண்ணைச் சொல்லி அழைப்பது கேட்டு விழித்தான். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ அழைக்கிறார்கள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வலப்புற ஆசனத்தில் துணை விமானியும் நித்திரை.

"பயம் வரேல்லை, மாமா. அதுதான் எனக்குப் பயம். அவனை எழுப்பாமல் இன்னும் அஞ்சு நிமிஷம் படுக்கட்டும் எண்டு விட்டிட்டன். பாவம் எண்டு இருந்தது."

1994 இல் வெளியான நாசா ஆய்வொன்று, நீண்ட பறப்பில் ஒருவர் விழித்திருக்க மற்றவர் முறைப்படி சிறிது கண்ணயர்வது விழிப்பைக் கூட்டுகிறது என்று காட்டியது. சில நாடுகள் இதை அனுமதிக்கின்றன. அமெரிக்க விதி அதை ஏற்கவில்லை. ஆகையால் அங்கே விமானிகள் முறைப்படி உறங்குவதில்லை, முறையின்றி உறங்குகிறார்கள். மருமகன் இறங்கியதும் அறிக்கை எழுதினான். களைப்பென்று சொன்னதற்காகத் தண்டனை இல்லை என்பது கொம்பனியின் எழுத்திலுள்ள கொள்கை. ஆனால் அடுத்த வாரம் ஒரு மேலாளர் அழைத்து, ஹோட்டலில் இருந்த பன்னிரண்டு மணி நேரத்தையும் எவ்வாறு செலவிட்டாய் என்று மணிக்கு மணி கேட்டார். அதன் பிறகுதான் அவன் சங்கத்தின் களைப்புக் குழுவில் சேர்ந்தான். மற்றவர்களின் அறிக்கைகளை வாங்கிப் படித்து, எந்தப் பயண அட்டவணையில் எத்தனை பேர் களைத்தார்கள் என்று தொகுத்து, கொம்பனியோடு வாதாடுவது குழுவின் வேலை. சம்பளமில்லாத வேலை. இரண்டு அட்டவணைகளை அவர்கள் மாற்றவும் வைத்துவிட்டார்கள்.

அவன் தயங்கியது இதனாற்றான். சேவை மூப்பும் சம்பளமும் தங்கைக்குச் சொன்ன காரணங்கள்.

"நான் போனால் என்ரை நித்திரை சட்டத்துக்குள்ளை வந்திடும். அந்தக் கதிரையிலை இன்னொருத்தன் இருப்பான். அவன்ரை நித்திரை வெளியிலைதான் இருக்கும். 1980 இல் உங்களையும் ஆரும் போய்க் கையெழுத்து வைக்கச் சொன்னவையோ?"

சொன்னார்கள். எங்கள் ஐயா கொழும்புக்கே வந்து, அறையில் இருந்து அழுதார். நான் போகவில்லை. அந்த முடிவுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை என்று நாற்பத்தைந்து வருடமாக மாணவர்களுக்கும் மருமகனுக்கும் சொல்லி வந்திருக்கிறேன். அந்த அதிகாலையில் அதை மீண்டும் சொல்ல நாவு எழவில்லை. ஐயா அடுத்த ஆண்டு இறந்தபோது செலவுக்குக் கடன் வாங்கினேன் என்பதை அவனிடம் முதன்முறையாகச் சொன்னேன். அப்போது எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ஒரே நாளில் பல்லாயிரம் பேர் என்னோடு வெளியே நின்றார்கள். ஒருவன் தனியே இருட்டில் நூறு தொன் சரக்கோடு கண்ணயர்வதற்கும் அதற்கும் என்ன ஒப்பு? நில் என்று அவனுக்குச் சொல்லக்கூடியவன், அந்த ஆசனத்தில் அவனுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடியவனாக இருக்கவேண்டும். நானோ அவன் வீட்டில் முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு தேநீர் குடிப்பவன்.

"போ, தம்பி" என்றேன்.

அவன் ஏமாற்றமடைந்தான் என்றே நினைக்கிறேன். முகம் இருட்டில் தெரியவில்லை. நெடுநேரம் கழித்து, "நீங்கள் இப்பிடிச் சொல்லுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை" என்றான். நானும் நினைக்கவில்லை. இதை எழுதும் இப்போதும், முற்போக்காளன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன் கூறவேண்டிய பதில் அதுதானா என்று என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை மறுத்து ஒருவனைப் போராளியாக்க முடியும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு மற்றவர்களின் பிள்ளைகள் விலை கொடுத்ததையும் நம் நாட்டில் கண்டிருக்கிறேன்.

அவன் சம்மதக் கடிதம் அனுப்பினான். புதிய கொம்பனியில் நியூயோர்க் தளம் என்றும், முதலிரு ஆண்டும் அழைத்தவுடன் ஓடும் காத்திருப்புப் பட்டியலில்தான் என்றும், தைப்பொங்கலையும் மகளின் பிறந்த நாளையும் மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். தங்கை கோயிலில் அர்ச்சனை செய்வித்தாள்.

நான் நாடு திரும்புவதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை ஓர் இளைஞன் வீட்டுக்கு வந்தான். டெக்சாஸ்காரன், இருபத்தொன்பது வயது. கனடாவின் மேல் வலப்புற ஆசனத்தில் உறங்கிப்போனவன் அவன்தான். மருமகள் இடியப்பமும் சொதியும் வைத்தாள். கையால் சாப்பிட முயன்றான். பிறகு இருவரும் கொட்டகைக்குள் போய், களைப்பு அறிக்கைகள் அடுக்கிய இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து வந்தார்கள். எந்த அறிக்கைக்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை, எந்த அட்டவணையை வசந்த காலத்துக்குள் மாற்றுவதாகக் கொம்பனி வாக்களித்தது என்று மருமகன் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தான். அதையும் கொடுத்தான். ஒரு பெட்டியை நான் தூக்கிக்கொண்டுபோய் அந்த இளைஞனின் காரில் வைத்தேன். அன்றிரவு பத்து மணிக்கு அவனுக்கு அங்கரேஜுக்குப் பறப்பு இருந்தது. போய் இரண்டு மணி நேரமாவது படுக்கவேண்டும் என்று சொல்லி, விரைவாகப் புறப்பட்டான்.